முதுகுக்கு அந்தப் பக்கம்

"மூச்ச நல்லா இழுங்க… அப்படியே பிடிங்க… பிடிங்க… ம், விடுங்க."

என் பெரியம்மா வாழ்நாளில் அதிகம் பேசிய பேச்சு இதுவாகத்தான் இருக்கும். பெரிய மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத எக்ஸ்ரே அறையில், ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்வார். குரலில் அதட்டல் இருக்காது. ஆனால் மீறவும் தோன்றாது. ஒரு முறை ஒரு கணக்கு வாத்தியார் நெஞ்சைப் பலகையில் அழுத்தி மூச்சைப் பிடித்து நின்ற நேரம் பார்த்து எந்திரம் மக்கர் செய்ய, பெரியம்மா அதைக் கவனிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தால் வாத்தியாரின் முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது.

"ஏன் சார், விட வேண்டியதுதானே?"

"நீங்க சொல்லலியேம்மா."

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "பிடின்னா பிடிச்சுக்கறான் பாரு மனுஷன். விடுன்னு சொல்ல ஒருத்தி நிக்கறான்னு அவ்ளோ நம்பிக்கை."

இதே பேச்சை, குரல் இல்லாமல் உதட்டால் மட்டும், அவர் இன்னொருவருக்கும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவருடைய தம்பி. எனக்கு மாமா. உங்களில் பலர் அவர் பாடிக் கேட்டிருப்பீர்கள். ராக் இசைக்குழுவின் பாடகர். தோள் வரை முடி, கிழித்துவிட்ட மாதிரி ஒரு குரல். அந்தக் குழுவின் முதல் டிரம்மர் பெரியம்மாதான் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்திருந்தாலும் தப்பாகத் தெரிந்திருக்கும்.

குழு தொடங்கியது எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில். கார் கிடையாது, ஷெட் மட்டும் இருந்தது. மாமா பாடினார். அவருடைய பள்ளித் தோழர், ஆளைப் பார்த்தாலே நெட்டை என்று கூப்பிடத் தோன்றும் ஒருவர், கிட்டார் வாசித்தார். டிரம்ஸுக்கு ஆள் கிடைக்கவில்லை. பெரியம்மா அப்போது எக்ஸ்ரே படிப்பு முடித்து வேலையில் சேர்ந்திருந்த புதிது. "நான் உக்காந்து பாக்கறேன்டா" என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. என் அம்மாதான் வீட்டில் கடைசி. ஷெட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்ததை இப்போதும் சொல்வார்: "அக்கா கை ரெண்டும் தனி, கால் ரெண்டும் தனி. நாலு பேர் உள்ள இருக்காங்களோன்னு பயமா இருக்கும்."

டிரம்ஸ் வந்த கொஞ்ச நாளிலேயே கேமராவும் வந்துவிட்டது. மருத்துவமனையில் இருட்டறை இருந்தது, கழுவும் மருந்துகள் இருந்தன. ஆசை வராமல் இருக்குமா? முதல் பிலிம் சுருளை வேலை முடிந்ததும் உள்ளே எடுத்துப் போய், எக்ஸ்ரே படங்களைக் கழுவும்போது எரிகிற அதே சிவப்பு விளக்கை நிம்மதியாகப் போட்டுக்கொண்டு கழுவினார். எக்ஸ்ரே படத்துக்குச் சிவப்பு வெளிச்சம் ஒன்றும் செய்யாது. கேமரா பிலிமுக்கு அது நடுப்பகல் வெயில். சுருள் முழுக்கக் கறுப்பாக வெளியே வந்தது.

"என் மூஞ்சி எங்கக்கா?" என்று மாமா பதறினாராம்.

"உள்ளதான் இருக்கு. நல்லா வெந்துடுச்சு."

அடுத்ததிலிருந்து முழு இருட்டில் கைத்தடவலாகவே கழுவக் கற்றுக்கொண்டார். அப்படித்தான் அந்தக் குழுவின் படங்கள் சேர்ந்தன. யாருக்கும் சொல்லாமல், யாரையும் நிறுத்தாமல் எடுத்தவை. வாடகை வேனில் நெட்டை வாயைப் பிளந்து தூங்குகிற படம். ஈரமான காலுறையை ஒலிபெருக்கியின் சூட்டில் காயவைக்கிற படம். ஏதோ ஒரு கல்லூரியின் கழிப்பறைக் கண்ணாடியில் மாமா முடியைக் கலைத்து, சரியாகக் கலைந்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி கலைக்கிற படம்.

மேடையிலும் எடுத்தார். இரண்டு கையிலும் குச்சி இருக்கும்போது எப்படி எடுப்பது என்று கேட்கிறீர்களா? கேமராவைச் சிம்பல் என்கிற பித்தளைத் தட்டின் தாங்கியில், தன் முகத்துக்குப் பக்கத்திலேயே, கவ்வி வைத்துக் கட்டினார். பழைய ஸ்டுடியோ ஒன்றில் வாங்கிய நீளமான ரப்பர்க் குழாய் அதிலிருந்து இறங்கும். குழாயின் அடியில், ரத்த அழுத்தம் பார்க்கும்போது நர்ஸ் அமுக்குவாரே, அந்த ரப்பர் பந்து. அது இடது குதிகாலுக்குக் கீழே கிடக்கும். மிதித்தால் ஒரு படம். அவ்வளவுதான், ஒன்றே ஒன்று. பிலிமைக் கையால்தான் சுற்ற வேண்டும், அதற்குப் பாட்டு முடிய வேண்டும். ஆக ஒரு பாட்டுக்கு ஒரு படம். எந்த நொடியில் மிதிப்பது என்று தேர்ந்தெடுத்துத்தான் மிதிக்க வேண்டும்.

அந்தக் குழுவைப் பெரிய ஆளாக்கிய பாட்டில் அவர் எப்போதும் ஒரே நொடியைத்தான் தேர்ந்தெடுத்தார்.

பாட்டு உங்களுக்குத் தெரியும். நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். நீளமான மௌனம். கூட்டம் மூச்சுவிடாமல் நிற்கும். பிறகு பாடகர் உச்சியிலிருந்து குதிக்கிற மாதிரி ஆரம்பிப்பார். அவர் வாய் திறந்த அதே நொடி மொத்த வாத்தியமும் வந்து விழும். அந்த மௌனத்தின்போது மாமா கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். மௌனம் முடியும்போது முடி பறக்கச் சுழன்று திரும்பிப் பாடுவார். அந்தத் திருப்பத்துக்கு மயங்காத பெண்கள் இல்லை என்று அம்மா சொல்வார். ஆண்களும் இல்லை என்று நெட்டை சொல்வார்.

மாமா ஏன் திரும்பினார்? அதுதான் விஷயம். பாட்டு ஓடும்போது மாமா மீன் மாதிரி. பாட்டு நின்றால் மூழ்கிவிடுவார். மௌனத்தை எண்ண அவருக்கு வராது. ஷெட்டில் பயிற்சி செய்த காலத்தில் ஒரு நாள் முந்திக்கொள்வார், ஒரு நாள் எல்லாரும் பார்த்துக்கொண்டே இருக்க, வாயைத் திறக்காமல் நிற்பார். கடைசியில் பெரியம்மாதான் வழி சொன்னார்: "நீ எண்ணாதே. என் பக்கம் திரும்பு. நான் சொல்றேன்." திரும்பினார். பெரியம்மா உதட்டை அசைத்தார். பிடி… பிடி… பிடி… விடு. மாமா சுழன்று பாடினார். கச்சிதம்.

அதாவது, கூட்டம் பார்த்தது முதுகை. முதுகுக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரு பையனின் முகம். புருவம் நெற்றிக்கு ஏறி, கண் அகன்று, மேலுதட்டில் வேர்வை நிற்க, "இப்பவா? இப்பவா அக்கா?" என்று கேட்கிற முகம். இந்த உலகத்தில் அதைப் பார்த்தவர் ஒருவர்தான். பார்த்ததோடு நிற்காமல், ஒவ்வொரு தடவையும் குதிகாலால் மிதித்தும் வைத்தார்.

"ஏன் பெரியம்மா அதையே எடுத்தீங்க?" என்று பிறகு ஒரு நாள் கேட்டேன்.

"அப்ப பாசத்துல எடுத்தேன்டி" என்றார். "எவ்ளோ அழகா பயந்திருக்கான் பாரு."

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்தபோது கதை மாறியது. அவர்களுக்குப் பாட்டுப் பிடித்தது, முடி பிடித்தது. டிரம்ஸுக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த எக்ஸ்ரேக்காரியைத்தான் பிடிக்கவில்லை. மாமாவும் நெட்டையும் சேர்ந்து வந்து சொன்னார்கள். மாமா பேசினார், நெட்டை தரையைப் பார்த்தார்.

"தோற்றம் ஒண்ணு இருக்குல்லக்கா. தப்பா எடுத்துக்காதே."

பெரியம்மா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால்கூட அதோடு போயிருக்கும் என்று நினைக்கிறேன். கண்ணாடி போட்ட முகம் போஸ்டருக்கு ஆகாது என்றால் அது ஒரு மாதிரி வலி, நாலு நாள் அழுதால் சரியாகிவிடும். ஆனால் தட்டு வெளிவந்து கொடி பறந்த நேரத்தில் மாமா ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். முதல் டிரம்மர் ஏன் விலகினார் என்று கேட்டிருக்கிறார்கள். தோற்றத்துக்காக அக்காவைத் துரத்தினோம் என்று சொன்னால் யாருக்கு நன்றாக இருக்கும்? அதனால் இப்படிச் சொன்னார்: "அக்கா ரொம்ப ஆசையா வாசிச்சாங்க. ஆனா பாவம், தாளம் நிக்காது. நாங்கதான் அவங்களை இழுத்துக்கிட்டு ஓட வேண்டியிருந்துச்சு."

அதோடு நிறுத்தவில்லை. அந்த மௌனத்தைப் பற்றியும் சொன்னார்: "அப்ப நான் கூட்டத்துக்கு முதுகு காட்டிக் கண்ணை மூடிக்குவேன். அந்த நேரத்துல எனக்கு யாரும் கிடையாது. தாளம் எனக்குள்ள இருந்து வரும்."

தாளம் நிக்காது. அந்த இரண்டு வார்த்தை பெரியம்மாவின் பின்னாலேயே வந்தது. மருத்துவமனையில் டாக்டர்கள் ஸ்டெதஸ்கோப்பை அவர் பக்கம் நீட்டி, "இந்தத் தாளம் நின்னுடாம பாத்துக்குங்க மேடம்" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு டிரம்ஸ் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு ஆசை இருந்தது அவருக்கு. பக்கத்துப் பள்ளியில் கேட்டார். தலைமையாசிரியை காபி கொடுத்து உட்காரவைத்து, மேசை இழுப்பறையிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்தாராம். "உங்க தம்பியே இப்படிச் சொல்லியிருக்காரே. பெத்தவங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" அதே ஊரில் இன்னும் இரண்டு இடத்தில் கேட்டார். அங்கே காபியும் கிடைக்கவில்லை.

சத்தம் போட்டுச் சண்டை போட்டிருந்தால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். பெரியம்மா சண்டை போடவில்லை. குடும்ப விசேஷங்களில் மாமாவிடம் "சாப்டியா?" என்று கேட்பார், பதிலுக்கு நிற்கமாட்டார். வார்டு ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால், சரியாக அந்த மௌனம் தொடங்கும் இடத்தில் அணைத்துவிடுவார். கேட்டுக்கொண்டிருந்த நோயாளிகள் எல்லாம் தொங்கலில் நிற்பார்கள். ஒரு முறை மாமாவுக்கு விடாத இருமல் வந்து, வேறு வழியில்லாமல் அக்காவின் பலகையிலேயே நெஞ்சைப் பதித்து நிற்க வேண்டியிருந்தது. "பிடி" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி துடைத்தார்.

"என்னக்கா, கொல்லப் பாத்தியா?" என்றார் மாமா மூச்சு வாங்க.

"நுரையீரல் சுத்தமா இருக்கு" என்றார் பெரியம்மா. "பொய்யெல்லாம் படத்துல விழாது."

இந்த மாதிரிச் சில்லறைப் பழிகளால் அவருக்கு வயிறு நிறையவில்லை என்பது, நான் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தெரியும். பின்னறையில் டிரம்ஸ் அப்படியே இருந்தது. பெரிய டிரம்மின் வயிற்றில், மருத்துவமனையில் கழித்துப்போட்ட ஈய அங்கி ஒன்றைப் போர்த்திவைத்திருந்தார். அக்கம்பக்கத்துக்குச் சத்தம் போகாமல் இருக்க அதைவிடக் கனமான துணி கிடைக்காது. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் வாசிப்பார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பாஸ்போர்ட் பையில் இருக்கிறதா என்று வீட்டுக்குள்ளேயே தொட்டுப் பார்க்கிற ஆள் நான். ஆனால் அந்தச் சத்தம் கேட்கும்போது மட்டும் எதுவும் தவறாது என்று தோன்றும். கடிகாரத்தை அதை வைத்துத் திருத்தலாம்.

போன வருஷ விடுமுறையில், குழு மறுபடி ஒன்றுகூடிப் பாடப்போகிறது என்று செய்தி வந்தது. இரண்டு நாளில் மாமாவே வந்துவிட்டார். முடி உதிர்ந்துபோய், மிச்சத்தைப் பின்னால் குடுமியாகக் கட்டியிருந்தார். கூட நெட்டை. இப்போதும் நெட்டைதான், கொஞ்சம் வளைந்திருந்தார்.

"அக்கா, நீ எடுத்த பழைய படம் எல்லாம் வச்சிருக்கேல்ல? மேடைக்குப் பின்னால பெரிய திரை வைக்கறோம். நாங்க வாசிக்க வாசிக்க அதுல ஓடணும். யாருக்கும் தெரியாம எடுத்த படம்னா ஜனங்களுக்கு உயிரு."

நான் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். துரத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் டீயை ஒரு வாய் குடித்தார்.

"வச்சிருக்கேன்" என்றார். "வந்து பொறுக்கிக்க."

பின்னறைச் சுவரில் எக்ஸ்ரே பார்க்கும் பழைய வெளிச்சப் பெட்டி ஒன்று மாட்டியிருந்தது. அதில் நெகட்டிவ் சுருள்களை நீட்டி வைக்க, நான் கைபேசியால் படம் எடுத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் திருப்பிக் காட்டினேன். வேனில் தூங்கும் நெட்டை வந்தார். காலுறை வந்தது. "இதெல்லாம் என்னத்துக்கு?" என்று மாமா தள்ளினார். பிறகு அந்தப் படங்கள் வந்தன. ஒன்று, இன்னொன்று, மறுபடி இன்னொன்று. வேறு வேறு மேடை, வேறு வேறு சட்டை. எல்லாவற்றிலும் மாமா கேமராவை நேராகப் பார்க்கிறார். கீழ் ஓரத்தில் ஒரு டிரம்ஸ் குச்சியின் நுனி, தூக்கியபடி நிற்கிறது.

மாமா என் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கினார்.

"அடேயப்பா! என்னா முடி! எல்லாத்துலயும் நான்தான், எல்லாத்துலயும் முகம் தெரியுது! கேமராவ எப்படிப் பாக்கறேன் பாரு, முழுங்கற மாதிரி!"

மேடையில் பாடிக்கொண்டிருப்பவர் தனக்குப் பின்னால் இருக்கும் டிரம்ஸ் பக்கம் எதற்காகப் பார்த்தார் என்று அவருக்குக் கேட்கவே தோன்றவில்லை. கைபேசியின் சின்னத் திரையில் தன் முடியைத் தாண்டி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொள்வேன் என்று இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி, மூடியதாகவே நம்பிவிட்டார் போலிருக்கிறது. நெட்டைக்குத் தெரிந்தது. கைபேசியை வாங்கி ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நல்ல படம்" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தப் பாட்டுக்கு இதையே வரிசையா விடலாம்க்கா. வேற எதுவும் வேணாம். என்ன சொல்றே?"

"உன் இஷ்டம்."

அவர்கள் போனபின் நான் கேட்டேன். "பெரியம்மா, இது வேணுமா? மாமா மானம் போயிடும்."

"நான் என்ன வரைஞ்சா குடுத்தேன்? அவன் மூஞ்சி, அவன் பொறுக்கினது."

"இருந்தாலும் உங்க தம்பி."

"தம்பிங்கறதாலதான்டி இவ்ளோ நாள் பொட்டியில இருந்துச்சு."

கச்சேரி அன்று மாமா எங்களுக்கு முதல் வரிசையில் இடம் போட்டிருந்தார். நானும் அம்மாவும் ஒழுங்காக உடுத்திக்கொண்டு போனோம். பெரியம்மா வேலை முடிந்து நேராக வந்தார். கதிரியக்கம் அளக்கும் சின்ன வில்லை சட்டைப் பையில் அப்படியே குத்தியிருந்தது. மேடையில் டிரம்ஸுக்குக் கூலிக்கு அமர்த்திய ஒருவர் உட்கார்ந்திருந்தார். நடுவயதுக்காரர், காதில் பெரிய ஹெட்போன்.

"அது எதுக்கு?" என்றார் அம்மா.

"அதுல டக்கு டக்குனு எண்ணிக்கை ஓடும்" என்றார் பெரியம்மா. "அத வச்சுதான் வாசிப்பாங்க. உன் அண்ணன் காதுலயும் சின்னதா ஒண்ணு இருக்கு, பாத்தியா? நான் விலகினதுலேர்ந்தே இப்படித்தான், அக்கா வேணாம். எந்திரமே சொல்லிடும்."

சொல்லும்போது சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. வெளியே போகும் கதவுகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவைத்துக்கொண்டேன்.

முதல் சில பாட்டுகள் ஜோராகப் போயின. மாமாவின் குரல் தேய்ந்திருந்தாலும் கூட்டம் கூடவே பாடி நிரப்பியது. பிறகு அவர் மைக்கைப் பிடித்து, எல்லாரும் காத்திருந்த பாட்டுக்கு முன்னுரை சொன்னார்.

"இதுல ஒரு இடம் வரும், உங்களுக்கே தெரியும். எல்லாரும் கேப்பாங்க, அப்ப திரும்பி நின்னு என்ன பண்றீங்கன்னு. கண்ண மூடிக்குவேன். அவ்ளோதான். தாளம் உள்ள இருந்து வரும்!"

கைதட்டல். பாட்டு தொடங்கியது. பின்னால் திரையில் முதல் படம் விழுந்தது, மாடி வீட்டு உயரத்துக்கு. "ஓ!" என்றது கூட்டம், முடியைப் பார்த்து. இரண்டாவது படம். மூன்றாவது. கைபேசியில் பெருவிரல் அளவுக்குத் தெரிந்த முகம் அங்கே ஜன்னல் அளவு கண்களோடு நின்றது. மேலுதட்டு வேர்வை ஒவ்வொரு துளியும் தெரிந்தது. வேறு சட்டை, அதே முகம். வேறு மேடை, அதே முகம். பள்ளிக்கூடத்தில் விடை தெரியாமல் எழுந்து நிற்கிற பிள்ளையின் முகம். ஓரத்தில், அவனுக்கு எதிரே, தூக்கிய குச்சி.

எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னாள்: "கண்ண மூடிக்குவேன்னாரு?"

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போய், அடுத்த படம் விழுந்ததும் பெரிதாகி முன்னால் வந்தது.

மாமாவுக்குத் திரை தெரியாது. அது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கூட்டம் இரைவது மட்டும், காதில் அடைத்திருந்ததையும் மீறிக் கேட்டது. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கூட்டம் இரைந்தால் காதில் இருப்பதைப் பிடுங்கித் தோளில் தொங்கவிட்டு, கண் செருக அந்த இரைச்சலைக் குடிப்பார். அதையே செய்தார். அது சிரிப்பு என்று புரிவதற்கும் வாத்தியங்கள் சட்டென்று நிற்பதற்கும் சரியாக இருந்தது.

மௌனம்.

பழக்கம் அவரைத் திருப்பியது. திரும்பியவர் தன்னையே பார்த்தார். மாடி உயரத்தில் அவரே குனிந்து அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்: இப்பவா? கீழே நின்று மேலே பார்த்த முகத்திலும் அதே கேள்வி இருந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் தெரிந்த புருவம் நெற்றிக்கு ஏறியிருந்தது. கூலி டிரம்மர் தன் காதின் எண்ணிக்கையில் மூழ்கியிருந்தார். நெட்டை தன் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னொரு நாள் தரையைப் பார்த்த அதே மாதிரி.

மாமா கூட்டத்தின் பக்கம் சுழன்றார். முடி பறக்கவில்லை. கண் முதல் வரிசையில் தேடியது, தாண்டியது, திரும்பி வந்து பெரியம்மாவின் மேல் நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. மூச்சைப் பிடித்திருந்தார். நான் அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால் தொண்டை அசைவதுகூடத் தெரிந்தது.

பெரியம்மாவுக்கு அந்த இடம் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அவருடைய இடது குதிகால் தரையில் மெதுவாக எண்ணிக்கொண்டிருந்ததை என் கால் வழியே உணர்ந்தேன். உதட்டை ஒரு முறை அசைத்தால் போதும்.

அம்மா அவர் முழங்கையைப் பிடித்தார். "அக்கா… அக்கா, சொல்லேன்!"

பெரியம்மா இரண்டு உதட்டையும் சேர்த்து மடித்துப் பல்லுக்கு உள்ளே வைத்துக்கொண்டார். தம்பியைக் கண் இமைக்காமல் பார்த்தார். குதிகால் ஒரு தடவை அழுத்தி மிதித்தது.

அதே நொடி டிரம்ஸும் கிட்டாரும் இடி மாதிரி வந்து விழுந்தன. குரல் வரவில்லை. மாமா தடுமாறிப் பின்னால் ஓடிப் பிடிக்கப் பார்த்தார். டிரம்மரின் எண்ணிக்கை யாருக்காகவும் நிற்காது. வார்த்தை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். வாத்தியங்களை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. கூட்டம் நல்ல கூட்டம்தான், கைதட்டித் தேற்றியது. அது இன்னும் மோசமாக இருந்தது. "தாளம் உள்ள இருந்து வரட்டும்ணே, நாங்க வெயிட் பண்றோம்!" என்று எவனோ கத்தினான்.

பெரியம்மா எழுந்தார். "வாங்க, போலாம்."

வெளியே வரும்போது நெட்டை மேடையின் பின்பக்கமாக ஓடிவந்து எங்களை வழிமறித்தார். வேர்த்துக் கொட்டியது.

"நீங்க சொல்லியிருக்கலாம்."

"நீயும்தான் சொல்லியிருக்கலாம்" என்றார் பெரியம்மா. "அந்தப் பத்திரிகைக்காரன் வந்தப்ப."

நெட்டை வழிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே மாமா தொலைபேசியில் வந்தார். பெரியம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"உனக்கு இப்ப திருப்தியாக்கா? ஊரே சிரிக்குது. ஒரு தடவை… ஒரே ஒரு தடவை உதட்ட அசைச்சிருந்தா போதுமே. நான் உன்னத்தானே பாத்தேன்!"

"என்னை எதுக்குப் பாத்தே?"

பெரியம்மா இன்னொரு கத்தி வெண்ணெய் எடுத்தார்.

"எனக்குத்தான் தாளம் நிக்காதேடா. என்னைப் போய்க் கேக்கலாமா?" என்றார். வெண்ணெயை ஓரம் வரை சமமாகத் தடவி முடித்தபின் தொலைபேசியை அணைத்தார்.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணனும் போச்சு, அக்காவும் போச்சு என்று என்னிடம் அழுதார். நான் பெரியம்மாவிடம் போய், மன்னித்துவிடுங்களேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பின்னறையில் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் படங்களில் ஒன்றைச் சட்டம் போட்டு, டிரம்ஸ் இருக்கைக்கு நேர் எதிரே, உட்கார்ந்தால் கண் மட்டத்தில் வருகிற மாதிரி மாட்டினார். தள்ளி நின்று கோணல் பார்த்தார்.

"உக்காரு" என்றார் என்னிடம்.

ஈய அங்கியைச் சரிசெய்துவிட்டு அந்தப் பாட்டை வாசித்தார். முழுசாக, குரலே இல்லாமல். கை இரண்டும் தனி, கால் இரண்டும் தனி. அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். குச்சி மேலே நின்றது. சட்டத்துக்குள்ளிருந்து மாமா அகன்ற கண்ணோடு கேட்டார்.

பெரியம்மாவின் உதடு அசைந்தது. பிடி… பிடி… பிடி…

குச்சி இறங்கவில்லை. அவர் அதைத் தொடைமேல் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு மூச்சு முட்டியது. நானும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"வேலைக்கு நேரமாச்சு" என்று எழுந்து, படத்தை அப்படியே விட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.